முஷ்டியும் மறு கையும்

அகராதிக் கழகத்தின் இயக்குநர் டாக்டர் ஹெம்தா லூரியா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் பேராசிரியரின் துணைவியார் ஸோஹாரா பர்டுகோ அம்மையாரே, இந்த மழையிலும் ஜெருசலேமின் பல மூலைகளிலிருந்து இந்த நினைவஞ்சலிக்கு வந்து கூடியிருக்கும் நண்பர்களே, வணக்கம். நான் ஓஸ்னத். பேராசிரியர் நெகேமியா பர்டுகோ அவர்களின் கிரேக்க அகராதிப் பணியில் உதவியாளர். மேடையில் பேசிப் பழக்கமில்லை. சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதனால் நிற்கிறேன்.

நம் பேராசிரியர் கடைசியாகக் கையில் எடுத்த சொல் 'புக்மே'. யூதர்கள் கை கழுவாமல் உண்பதில்லை என்று மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதும்போது, எப்படிக் கழுவுவார்கள் என்பதற்கு அந்த ஒரு சொல்லைத்தான் வைத்தார். நேர்ப்பொருள் முஷ்டி. முஷ்டியால் எப்படிக் கை கழுவுவது? மறு உள்ளங்கையில் அதைத் தேய்த்தா? முழங்கை வரை நனைத்தா? கையளவு தண்ணீர் ஊற்றியா? எழுதியவர் சொல்லவில்லை. பின்னால் வந்த அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை.

ஒரு மதியம் சாப்பாட்டு அறையில் இயக்குநர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“நெகேமியா, படிக்கிறவனுக்கு மூணு அர்த்தம் எதுக்கு? ஒண்ணு சொல்லுங்க, அச்சுக்கு அனுப்பிடலாம்.”

“மொதல்ல சாப்பிடறேன், டாக்டர்.”

கை கழுவ வைத்திருக்கும் இருபிடிக் குவளையை எடுத்து இரண்டு கைகளிலும் தண்ணீர் ஊற்றினார். அதற்குரிய ஆசி ஜெபத்தைச் சொன்னார். துடைத்துக்கொண்டு பையைத் திறந்தால் ரொட்டி இல்லை! மாடியில் தன் மேசையிலேயே விட்டிருக்கிறார். எங்கள் யூத வழக்கப்படி, கை கழுவியபின் ரொட்டி வாயில் படும்வரை பேசக்கூடாதே. என்னைப் பார்த்து மாடிப் பக்கம் தலையை ஆட்டினார். நான் எழுந்தேன்.

“ஓஸ்னத், நீ உக்காரும்மா! இத்தனை வருஷத்துல இப்பதான் இவரு வாய் மூடியிருக்கு. நான் பேசி முடிச்சுக்கறேன்.”

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு முஷ்டியை உயர்த்தினார்.

“பாத்தீங்களா, அடிக்க வராரு!”

அவர் அடிக்கவில்லை. முஷ்டியை மறு உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். மறு கையின் விரலால் முஷ்டியிலிருந்து முழங்கை வரை கோடு இழுத்தார். முஷ்டியைத் திறந்து, அந்தக் குழிவில் மறு கையால் இல்லாத தண்ணீரை ஊற்றினார். பிறகு இரண்டு கைகளையும் விரித்தார்: எது என்று எனக்குத் தெரியாது.

நான் ரொட்டியைக் கொண்டுவந்தேன். ஆசி சொல்லி, உப்பில் தொட்டு, மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: “சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேன்.”

எத்தனை நேர்மையான பதில்! தெரியாது என்பதை அவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறு அறிஞரை நான் கண்டதில்லை.

பிறகு வந்த பக்கவாதம் அவர் பேச்சை எடுத்துக்கொண்டது. இடக் கையையும் எடுத்துக்கொண்டது. மருத்துவமனையில் இயக்குநர் குனிந்து, “புக்மே?” என்றார். பேராசிரியர் வலக் கையை உயர்த்தி முஷ்டியைக் காட்டினார். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். “முஷ்டியாலதான்னு முடிவு பண்ணிட்டாரு. அதையே போட்டுடு, ஓஸ்னத்.”

அன்பினால்தான் சொன்னார். அன்றிலிருந்து, அவர் வரைவில் எழுதியிருந்த மூன்றும் போய், அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் அச்சுக்குப் போகிறது.

பெரியோர்களே, நான் கட்டிலருகே நின்றிருந்தேன். முஷ்டியை உயர்த்தியவர் உடனே தன் இடக் கையைப் பார்த்தார். அது போர்வைமேல் அசையாமல் கிடந்தது. உங்களைக் கேட்கிறேன்: ஒரே கையால் முஷ்டியை எதில் தேய்ப்பது? முழங்கை வரை எந்த விரலால் கோடிழுப்பது? எந்தக் கையால் தண்ணீர் ஊற்றுவது? சாப்பாட்டு அறையிலும் அவர் முஷ்டியில்தான் தொடங்கினார். அன்று முடித்தார். கட்டிலில் தொடங்க மட்டுமே முடிந்தது.

பேராசிரியரின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி சொன்னார்கள். என் உறுதி சிறியது. மூன்று பொருளையும், 'எது என்று தெரியவில்லை' என்ற அவர் வரியையும் அந்தப் பக்கத்தில் திரும்பச் சேர்ப்பேன். இயக்குநர் அவர்களே, உங்கள் அனுமதி வேண்டும்.

பின்மேசையில் ரொட்டி வைத்திருக்கிறார்கள். குழாயடியில் குவளை இருக்கிறது. நாம் கை கழுவிக்கொள்வோம். டாக்டர், அவரைப் போல நீங்களும் ரொட்டிக்குப் பிறகு பதில் சொன்னால் போதும்.