துண்டுக்குள் அஞ்சு விரல்

பிரவீனா: கண்ணு பட்டுடப் போவுதுக்கா! துண்டுக்குள்ள பிடிச்ச கைய விடவே இல்ல... அண்ணன என்ன விலைக்கு வாங்குனீங்க?

மாதேஸ்வரி: இருபத்தாறு வருசம் தேஞ்ச புருசன், சிஸ்டர். ரூவாய்க்கு ரெண்டுன்னாலும் எடுக்க ஆளில்ல.

கங்கப்பன்: போச்சம்பள்ளி சந்தையில துண்டுக்குள்ள விரலப் பிடிச்சு ஊரு மாட்டுக்கெல்லாம் நான் விலை பேசறேன். என் விலைய இவ பேசறா பாரு!

பிரவீனா: சரி சரி... கீமோ மருந்து இறங்குது. இது ரெண்டாவது தடவை. முதல் கால் மணி நேரந்தான் ரொம்பக் கவனம். அரிப்பு, முகத்துல சூடு, நெஞ்சப் பிடிக்கறது, எதுன்னாலும் உடனே கூப்பிடணும். போன தடவ ஒண்ணுமில்லல்ல?

மாதேஸ்வரி: ஒரு கொசு கூடக் கடிக்கல.

பிரவீனா: நல்லது. அந்தக் கட்டிலப் பாத்துட்டு வந்துடறேன்.

கங்கப்பன்: ஏ மாதேசு... ஒரு விரலப் பிடிக்கற? அரிக்குதா?

மாதேஸ்வரி: மெதுவாய்யா! வாயால பேசறதுக்கா துண்டு போட்டிருக்கு? ஒண்ணுன்னா லேசு, அஞ்சுன்னா தாங்கல. பேச்சு அவ்வளவுதான்.

கங்கப்பன்: சிஸ்டர்கிட்ட சொல்லிடலாம்டி.

மாதேஸ்வரி: சொன்னா? கெலவரப்பள்ளி காவேரிக்கு ஒத்துக்கலன்னு இதே மருந்தத்தான நிறுத்துனாங்க? அப்புறம் அவள இந்தப் பக்கம் பாத்தியா? எனக்கு இந்த மருந்து வேணும்யா... நம்ம புள்ள பிரவு கல்யாணம் பாக்கணும்.

கங்கப்பன்: அதுக்காக...

மாதேஸ்வரி: துண்டுக்குள்ள பேசினத வெளிய சொல்றவன் தரகனா? நீ மீசைய முறுக்கிச் சொன்ன பேச்சுதான.

கங்கப்பன்: அது மாட்டுக்குடி!... ரெண்டா? ஏய், மூஞ்சி ஏன் இப்பிடிச் செவக்குது?

மாதேஸ்வரி: வெயிலு...

கங்கப்பன்: ஏசி ரூமுல ஏதுடி வெயிலு! குரல் ஏன் கம்முது? மாதேசு... சிஸ்டர்! ஓடியாம்மா! அஞ்சு விரலயும் பிடிச்சுட்டா!

பிரவீனா: என்ன விரலு... ஐயோ! மருந்த நிறுத்திட்டேன். தள்ளுங்கண்ணா. லாவண்யா, டாக்டரக் கூப்பிடு! ஆக்ஸிஜன்! அக்கா, என்னப் பாருங்க... மூச்ச இழுங்க... அப்படித்தான்...

*

மாதேஸ்வரி: போச்சா, சிஸ்டர்?

பிரவீனா: எது?

மாதேஸ்வரி: என் மருந்து.

பிரவீனா: எங்க போவும்? தொங்குது பாருங்க. ஊசி போட்டு ஒரு மணி நேரமாச்சு, தடிப்பெல்லாம் அடங்கிடுச்சு. டாக்டர் பாத்துட்டாரு. திரும்ப ரொம்ப மெதுவா ஏத்தலாம்னு சொல்லியிருக்காரு. நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்.

மாதேஸ்வரி: காவேரிக்கு மட்டும் நிறுத்துனீங்களே?

பிரவீனா: அவங்களும் உங்களாட்டம் பல்லக் கடிச்சுட்டு இருந்துட்டாங்கக்கா. ரொம்ப முத்தின பிறகுதான் எங்களுக்குத் தெரிஞ்சது. அதான் வேற மருந்துக்கு மாத்துனோம். இப்ப கிருஷ்ணகிரியில ஏத்திக்கறாங்க, நல்லாத்தான் இருக்காங்க.

மாதேஸ்வரி: இருக்காளா...

பிரவீனா: இருங்க, போன தடவ கொசு கூடக் கடிக்கலன்னீங்களே?

கங்கப்பன்: ரெண்டு விரலு.

மாதேஸ்வரி: யோவ்!

கங்கப்பன்: தரகு மானந்தான் கப்பலேறிடுச்சே. இதையும் ஏத்திடறேன்.

பிரவீனா: ரெண்டு விரலுக்கே கூப்பிட்டிருக்கணும்கா. அஞ்சு வரைக்குமா விடுவாங்க?

மாதேஸ்வரி: அஞ்சா? யாரு பிடிச்சா அஞ்சு? நான் மூணுதான பிடிச்சேன்?

கங்கப்பன்: மூணுதான் உன்னுது. மேல ரெண்டு... எனக்குத் தாங்கலடி.