குறி சொல்லாத கோயில்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்தக் கரட்டடிக்கு ரோடே இல்லாதப்ப, சோணைப் பூசாரின்னு ஒருத்தரு இருந்தாராம். எனக்குப் பூட்டன் முறை. எங்க சாமி ராக்காச்சி ஆத்தா அவரு மேல எறங்குனா ஏழு ஊருக்குக் கேக்குமாம் சத்தம். மாடு காணமா, சோணைகிட்டக் கேளு. மகளுக்கு வயித்துவலியா, சோணைகிட்டக் கேளு. அவரு வாயில வர்றது ஆத்தா வாக்குன்னு சனம் நம்புச்சு. அவரும் அப்படித்தான் நம்புனாரு. பித்தலாட்டம் தெரியாத மனுசன். அதை மனசுல வச்சுக்கங்க.

அவரு தங்கச்சி மக வேலாயி. மாருல புளியங்கொட்டை அளவு கட்டி. வலியில்ல. டவுனு ஆஸ்பத்திரிக்குன்னு புருசன்காரன் வண்டி பூட்டிட்டானாம். கோயிலக் கடக்கயில, "மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவோமே"ன்னாளாம் வேலாயி. எறங்குனாக. சோணைக்கு அருள் வந்துருச்சு.

"மூணு செவ்வாக்குள்ள கரைச்சுத் தாரேன்! ஏண்டா எம்பிள்ளையக் கத்திக்குக் குடுக்கப் போற?"

அம்புட்டுத்தான். வண்டி திரும்பிருச்சு.

மூணு செவ்வா போச்சு. முப்பது செவ்வா போச்சு. புளியங்கொட்டை எலுமிச்சங்காயாச்சு, எலுமிச்சங்காய் ஒடைஞ்சு புண்ணாச்சு. அதுக்கப்புறம் தூக்கிட்டு ஓடுனாக. "புத்துநோய். இனி கை வைக்க முடியாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாகளாம். சோணை பாக்கப் போனாரு. பாயில கெடந்தவ கேட்டாளாம்:

"மாமா, ஆத்தா என்னைய மறந்துட்டாளா?"

துன்னூறப் பூசிட்டு வந்துட்டாராம். தை பொறக்க முந்தி வேலாயி போய்ச் சேந்துட்டா.

சோணை குறி சொல்றத நிறுத்தல. சனம் வருதே, என்ன செய்வாரு? ஆனா கட்டின்னு யாராச்சும் வந்து நின்னா மட்டும் அருள் வராதாம். வேர்த்து விறுவிறுத்து நிப்பாராம்.

மூணு வருசம் கழிச்சு அவருக்கே தொண்டையில முள்ளுக் குத்துன மாதிரி ஆரம்பிச்சுச்சு. கஞ்சி எறங்கல. கழுத்துல கழலை. தனக்குத்தானே குறி கேட்டுப் பாத்தாராம். ஊருக்கெல்லாம் வந்தவ அவருக்கு வரல. ஏழு மாசம் கேட்டுக்கிட்டே இருந்தாராம்.

அவரு பொஞ்சாதி குருவம்மாதான் ஒரு நா கையப் பிடிச்சு இழுத்தா. "ஆத்தா பேசுற அன்னைக்குப் பேசட்டும். நீரு கெளம்பும்!"

டவுனு ஆஸ்பத்திரியில டாக்டரு விளக்கடிச்சுப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாராம். "ஆறு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம் பெரியவரே. இப்ப வேர் விட்டுப்போச்சு. கரண்டு வச்சு, கதிரால சுட்டுப் பாப்போம். உசுரு என் கையில இல்ல."

"அப்ப யாரு கையிலங்கய்யா?"

டாக்டரு அவரு நெத்தித் துன்னூறப் பாத்தாராம். "அத நீங்கதான சொல்லணும்?"

குருவம்மா சாகுற வரைக்கும் இதச் சொல்லிச் சொல்லி அழுவாளாம்.

ஊருக்கே கரண்டு வராத காலம். அவரு கழுத்துக்குக் கரண்டு வச்சாக. தோலு கருகுச்சு. கழலை சுருங்குச்சு. ஆனா சத்தம் போயிருச்சு. ஏழு ஊருக்குக் கேட்ட சத்தம், பக்கத்துல இருக்குறவளுக்குக் கேக்கல. குருவம்மா சன்னிதியில நின்னு கத்துனாளாம்: "முப்பது வருசம் ஒனக்கு வாயா இருந்தாரேடீ!" ராக்காச்சி என்ன சொல்லுவா? கல்லு கல்லாத்தான் நின்னுச்சு.

அந்த வைகாசியில தெக்கயிருந்து ஒருத்தன் பெத்தவள வண்டியில போட்டுக் கொண்டாந்தான். அவளுக்கு நாக்குல புண்ணு. "சாமி, ஆத்தா என்ன சொல்றா?"

சோணை அந்தப் பொம்பளை கையப் பிடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்தாரு. அவ கொழறிக் கொழறிச் சொன்னா. பயமா இருக்குன்னா. எம்மகன் தனியாயிருவான்னா. பொழுது சாயுற மட்டும் கேட்டாரு. கண்ணுல தண்ணி ஓடுது, தொடைக்கல. அப்புறம் எந்திரிச்சு வண்டி மாட்டத் தானே பிடிச்சாரு. ஆஸ்பத்திரிப் பாதைக்குத் திருப்பி விட்டாரு. தன் கருகுன கழுத்த அவளுக்குத் தொட்டுக் காமிச்சாரு. ஓடைக்கரை வரைக்கும் கூட நடந்தாரு.

அவ பொழைச்சாளா? பொழைச்சான்னும் சொல்லுவாக, இல்லன்னும் சொல்லுவாக. எனக்குத் தெரியாது. சோணை அடுத்த கார்த்திகை பாக்கல. ஆனா அதுவரைக்கும் வந்தவுகளுக்கெல்லாம் இதேதான் செஞ்சாரு. வேற எதும் அவரால முடியல.

அதனாலதான் ராக்காச்சி கோயில்ல குறி கெடையாது. பூசாரி வாயில மஞ்சத்துணி கட்டியிருக்கான்ல, அதுக்கு இதுதான் காரணம். இப்ப இருக்குறது எந்தம்பி. நீங்க சொல்றதெல்லாம் கேப்பான், கையப் பிடிச்சுக்குவான். பொழைப்பமான்னு கேட்டா பதில் வராது. கேட்டு முடிச்சதும் ஓடைக்கரை வரைக்கும் கூட வருவான். ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸு அங்கதான் நிக்கும். நீங்க ஏறுற வரைக்கும் நிப்பான்.

கோவிச்சுக்கிட்டுப் போறவுகளும் இருக்காக. அவுகள என்ன சொல்ல முடியும்? செருப்ப இங்கயே விட்டுட்டு உள்ள போங்கம்மா. ஒங்க மொறைதான்.