வியாழக்கிழமை விகிதம்

என் கையெழுத்து அழகாக இருக்கும், ஐயா. ஆபீஸில் யாருக்குப் பிரிவு உபசார மடல் எழுத வேண்டியிருந்தாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். நாணய மாற்று விகிதப் பதிவேடு இருபத்தாறு வருடம் என் கையில் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

நம் பணமும் பக்கத்து நாட்டுப் பணமும் சின்னப் பணங்கள். இரண்டையும் நேருக்கு நேர் வைத்து எந்தச் சந்தையிலும் விலை பேச மாட்டார்கள். தினமும் மூன்று மணிக்கு இரண்டின் டாலர் விலையும் டெலக்ஸில் வரும். நான் வகுத்துப் பார்த்து, அவர்களுடைய ஒன்றுக்கு நம்முடையது எத்தனை என்று, தேதி அச்சடித்த வரியில் எழுதுவேன். பிழை வந்தால் சிவப்பு மையில் அடித்து மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தணிக்கைக்கு வருபவர்கள் என் புத்தகத்தைப் புரட்டி, ஒரு அடித்தல்கூட இல்லையே என்று புதியவர்களுக்குக் காட்டுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

அந்த வியாழக்கிழமை மதியம் பல் பிடுங்க லீவு போட்டிருந்தேன். மறுநாள் காலையில் பக்கத்து நாட்டு அரசு தன் பணத்தின் மதிப்பைக் குறைத்துவிட்டது. 4.18 ஆக இருந்த விகிதம் 2.31 ஆனது. ஆபீஸே அமளிதுமளிப்பட்டது. வீங்கிய தாடையோடு கணக்குப் போட்டு, கை போன போக்கில் அடுத்த காலி வரியில் எழுதினேன். மை காய்ந்த பிறகுதான் பார்த்தேன், அது எழுதாமல் கிடந்த வியாழக்கிழமை வரி. சிவப்பு மைப் புட்டியைத் திறந்தேன். திரும்ப மூடி வைத்தேன். வெள்ளிக்கிழமை வரியிலும் 2.31 என்றே எழுதினேன். ஒரே ஒரு நாள் விகிதத்தை யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

சனிக்கிழமை தகவல் வந்தது. பக்கத்து நாட்டில் சுரங்கப்பாதை வெட்டும் இடத்தில் மண் சரிந்து, நம் ஆட்கள் முப்பத்தொரு பேர் போய்விட்டார்கள். விபத்து நடந்தது வியாழக்கிழமை. அதில் ஒருவர் என் தங்கையின் கணவர்.

சுரங்கம் வெட்டிய கம்பெனி, ஒரு குடும்பத்துக்கு எண்பதாயிரம் என்று அவர்கள் பணத்தில் பேசி, விபத்து நடந்த நாளின் விகிதப்படி மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அந்த விகிதத்துக்குச் சான்று கேட்டு வந்த கடிதம் என் மேஜைக்குத்தான் வந்தது. வியாழக்கிழமை விலையும் இருந்த டெலக்ஸ் தாள்களின் கட்டு கைக்கெட்டும் தூரத்து அலமாரியில் இருந்தது. 4.18 என்றால் மூன்று லட்சத்து முப்பத்துநான்காயிரம். 2.31 என்றால் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம்கூடத் தேறாது. ஒரு துண்டுத் தாளில் இதைப் போட்டுப் பார்த்தேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புத்தகத்தில் உள்ளபடி சான்று எழுதினேன். நிதானமாகத்தான் எழுதினேன்.

கணவனைப் பறிகொடுத்த மற்றப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. மதிப்பு விழுந்தது வெள்ளிக்கிழமைதானே, வழக்குப் போடுவோம் என்று தங்கை வீட்டில் கூடினார்கள். நானும் இருந்தேன்.

“ரேட்டை எழுதுனது எங்க அண்ணன்,” என்றாள் தங்கை. “கழுத்துல கத்தி வெச்சாலும் ஒரு புள்ளி மாத்தி எழுத மாட்டாரு. கேஸு கீஸுன்னு அலைஞ்சு, வர்றதையும் வக்கீலுக்குக் குடுக்கணுமா?” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீயே சொல்லேன் அண்ணே.”

“புத்தகத்துல அப்படித்தான் இருக்கு,” என்றேன்.

எல்லோரும் எழுந்து போனார்கள். நான் சொன்னதில் பொய் இல்லை என்று வழிநெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தங்கைக்கு ஒரே மகள். ஒன்பது வயது, இதயத்தில் ஓட்டை. ஆபரேஷனுக்கு இரண்டரை லட்சம் கேட்டார்கள். என் ஸ்கூட்டரை விற்று இருபதாயிரம் கொடுத்தேன். அப்படியும் நாற்பத்தைந்தாயிரம் இடித்தது. இலவச ஆஸ்பத்திரியின் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். குழந்தை என் பக்கத்தில் உட்கார்ந்து என் எழுத்தைப் பார்த்து எழுதும். “உங்க எட்டு மாதிரி எனக்கு வரவே மாட்டேங்குது மாமா,” என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லும். அதன் கையைப் பிடித்து எழுத வைத்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

பட்டியலில் அவளுக்கு முன்னால் இன்னும் ஒன்பது பேர் இருந்தபோது போய்விட்டாள்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, ஐயா. தங்கை எனக்கு ஆறுதல் சொல்கிறாள். “வண்டியையே வித்துக் குடுத்த. உனக்கு மேல யாரு செய்வா?” என்கிறாள். அவள் என்னை மண்ணை வாரித் தூற்றியிருந்தால் தாங்கியிருப்பேன். மற்ற முப்பது வீடுகளில் என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவே இல்லை. பயம்.

ஏழு வருடம் கழித்து, அந்தப் பெண்களில் ஒருத்தி விடாமல் புகாரோடு உங்களிடம் வந்திருக்கிறாள். நீங்களும் அந்த டெலக்ஸ் தாளைத் தேடி எடுத்துவிட்டீர்கள். நல்லதுதான். தெரிந்தேதான் செய்தேன். குழந்தையைக் கொன்றது நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், எந்த இடத்தில் சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். தங்கையிடமும் நானே சொல்கிறேன்.

பதிவேட்டைத் திறந்து சிவப்பு மையையும் வைத்திருக்கிறீர்கள். அது மட்டும் வேண்டாம், ஐயா. 4.18 என்று தனித் தாளில் எழுதித் தருகிறேன், ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருடப் புத்தகம், அதில் ஒரு அடித்தல்கூடக் கிடையாது.