வெண்டல் ரிஷெலின் கைகள்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கள் காணொளி வெளிவரும். எட்டு வருடங்களில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. பனிப்புயலில் ஊரே மின்சாரம் இல்லாமல் கிடந்த வாரத்தில்கூட, வெண்டலின் மனைவி ஆர்டிஸ் நாற்பது மைல் தள்ளியிருந்த தங்கை வீட்டுக்குக் காரை ஓட்டிப் போய் அங்கிருந்து இணையத்தில் ஏற்றினார். சந்தா கட்டியவர்களுக்குக் கொடுத்த வாக்கு அது.

நீங்கள் பேசத் தொடங்கியதிலிருந்து இரண்டு முறை ‘பொம்மை ரயில்’ என்று சொல்லிவிட்டீர்கள். பரவாயில்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மாதிரி ரயில் என்பது சரி. நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. வெண்டல் ரிஷெலின் வீட்டு நிலவறையில் இருப்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் இருந்த நம் ஆல்டூனா ஊர். பணிமனைகள், மலையேறும் பாதை, கரி படிந்த ஜன்னல்கள், கொடியில் காயும் துணிகள்கூட உண்டு. அவற்றை எப்படிச் செய்வது என்று வாரம் ஒரு பாடம். ஆறாயிரத்துச் சொச்சம் பேர் சந்தா கட்டிப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் லீட்ஸில் இருந்தார்கள், ஜப்பானில் நகோயாவில் இருந்தார்கள். வெண்டலின் பெயரைச் சொன்னால் மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் தலையாட்டுவார்கள்.

முகமும் குரலும் அவருடையவை. கைகள் என்னுடையவை.

அவர் நாற்பது வருடம் உள்ளூர் வானொலியில் வானிலை வாசித்தவர். ‘நாளை மழை’ என்று அவர் சொன்னால் மழைமேல் யாருக்கும் கோபம் வராது, அப்படி ஒரு குரல். நான் முப்பத்தோரு வருடம் பல் செட் செய்தவன். வாயில் இல்லாத பல்லை இருப்பதுபோல் காட்டுவது என் தொழில். இருவரும் ஒரே ரயில் சங்கத்தில் இருந்தோம். காணொளி தொடங்கிய முதல் சில வாரங்கள் அவர் பேசுவார், ரயில் ஓடும், அவ்வளவுதான். கைவேலையைக் கிட்டத்தில் காட்டச் சொல்லிச் சந்தாதாரர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டிக் காட்டினார். மேஜையே ஆடியது.

“பாத்தியா கிளெம்? ஸ்பூன்ல சூப் எடுத்தா வாய்க்கு வர்றதுக்குள்ள பாதி சட்டையில கெடக்கு. இதை வெச்சுக்கிட்டு நான் யாருக்குப்பா பாடம் எடுக்கிறது? உன் கையைக் கொஞ்சம் குடேன்.”

கொடுத்தேன். ஆர்டிஸ்தான் கேமரா பிடிப்பவர். ஒரே மாதிரிக் கட்டம் போட்ட சட்டைகளை இரண்டிரண்டாக வாங்கினார். வெண்டலின் கல்யாண மோதிரத்தைப் போலவே இன்னொன்றை எனக்குச் செய்வித்தார். நான் மணமாகாதவன். புறங்கை முடியை வாரம் இருமுறை மழித்தேன். மோதிரத்தை வீட்டிலும் கழற்றுவதில்லை. கழற்றிக் கழற்றி மாட்டினால் விரலில் தடம் விழும், கேமராவுக்குத் தெரிந்துவிடும். அதுதான் காரணம்.

இரண்டாவது வருடம் பல் செட் வேலையை விட்டேன். விறகு பிளப்பதை விட்டேன், கொதிக்கும் பாத்திரத்தைத் தொடுவதை விட்டேன். லீட்ஸிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார், அவருடைய அப்பா கடைசி மூன்று வாரமும் வேறெதுவும் பார்க்க மறுத்து எங்கள் காணொளியையே பார்த்தாராம். ‘மிஸ்டர் ரிஷெல், உங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டேதான் அவர் போனார்’ என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் படியெடுத்து வைத்திருக்கிறேன். என் பெயர் அதில் இல்லையே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பெயர் வராத கோபத்தில் செய்தான் என்று உங்கள் காவலர்கள் வெளியே பேசிக்கொள்வது காதில் விழுந்தது. அது தவறு.

நீங்கள் ஸ்டெல்மாக்கைப் பற்றிக் கேட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு தீயணைப்பு நிலைய மண்டபத்தில் ரயில் கண்காட்சி. ஸ்டெல்மாக் எங்கள் சந்தாதாரர், ஜான்ஸ்டவுன்காரர், வாய் நீளம். காப்பி மேஜையருகே நாலு பேர் கேட்க ஆரம்பித்தார்.

“என்ன வெண்டல், வேற யாரோ ஊத்திக் குடுக்கிறாங்களே? நீங்களே ஊத்திக்குங்களேன். ஆறாயிரம் பேர் கும்பிடற கையாச்சே, நாங்களும் கொஞ்சம் பாத்துக்கறோம்.”

வெண்டல் கூஜாவை எடுத்தார். மேஜை விரிப்பெல்லாம் காப்பி.

“அடேங்கப்பா. காணொளியில மட்டும் கல்லு மாதிரி நிக்குது. எந்தக் கடையில வாங்கின கை அது?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தார். பிற்பகல் ஸ்டெல்மாக் தன் பெட்டிகளை வேனில் ஏற்றும்போது நான் உதவப் போனேன். அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்திருந்தார். நான் கதவை மூடினேன். சரியாகப் பொருந்தவில்லை, அதனால் திறந்து இன்னொரு முறை மூடினேன். நான்கு விரல்கள். மருத்துவமனைக்கு நானே ஓட்டிப் போனேன், வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவது முறை மூடியது அவருக்கு நினைவில்லை, வலி அப்படிச் செய்யும். வண்டிக் கதவு என்றால் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். வெண்டல் வருத்தப்பட்டு அவருக்கு ஒரு வருடச் சந்தாவை இலவசமாக அனுப்பினார். அதன்பிறகு கைகளைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

இனி போன வாரம்.

செவ்வாய்க்கிழமை வெண்டல் பிட்ஸ்பர்குக்கு ஏதோ பரிசோதனைக்குப் போவதாகத்தான் சொல்லியிருந்தார். வியாழன் காலை வழக்கம்போல ஒன்பது மணிக்கு நான் போனேன். நிலைய விளக்குக் கம்பங்களை நடுகிற காட்சி எடுக்க வேண்டும். ஆர்டிஸ் வீட்டில் இல்லை. தவக்காலத்து வியாழன்களில் தேவாலயச் சமையலறையில் பெண்கள் கூடி மறுநாள் விற்பனைக்குப் பியரோகி என்ற கொழுக்கட்டை பிடிப்பார்கள். நிலவறையில் வெண்டல் தனியாக நின்றிருந்தார். தலையை மொட்டையடித்திருந்தார். வலது கையில் ஒரு தூரிகை, நுனியில் சிவப்புச் சாயம் துளியாக நின்றது. கீழே வெள்ளைத் தாள்.

“பாரு கிளெம். பாரேன்.”

ஒரு முழு நிமிடம் பார்த்தேன். துளி விழவில்லை.

“தலையை மழிச்சாங்க, குழாய்க்குள்ள தள்ளினாங்க, கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. ஏதோ ஒலி அலையாம். வெளிய வந்தா கை நிக்குது. இடது கைக்கு இன்னும் ஒன்பது மாசம் ஆகும்னாங்க. போனா போகுது. நேத்து சூப் குடிச்சேன், ஒரு சொட்டு சிந்தல. ஆர்டிஸ் அழுதுட்டா.”

“ரொம்ப சந்தோஷம் வெண்டல்” என்றேன். “விளக்குக் கம்பம் எடுத்துடலாமா? வெளிச்சம் சரிபண்ணணும்.”

“அதெல்லாம் வேணாம்ப்பா. நாளைக்கு வர்றத நேத்தே எடுத்து ஏத்தி வெச்சாச்சு. நானும் ஆர்டிஸும் மட்டும்.” அவர் சின்னப் பிள்ளைபோல் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். “நீ வீட்ல காலை நீட்டி உக்காந்து ஆறு மணிக்குப் பாரு. வேற ஒண்ணும் நீ செய்ய வேணாம்.”

நான் என் சட்டைக் கைகளை மடித்துவிட்டிருந்தேன். அவற்றை மறுபடி இறக்கிவிட்டேன்.

“அந்த மோதிரத்தையும் கழட்டுப்பா. எட்டு வருஷமா அடுத்தவன் மோதிரம் உன் விரலை நெரிக்குது. இனிமே உன் கை உன் கையா இருக்கட்டும்.”

இழுத்துப் பார்த்தேன். சதை பிடித்துக்கொண்டிருந்தது. அவரே வந்து என் கையைப் பற்றி இழுத்தார். உறுதியான பிடி. அதுவரை அவர் என்னைத் தொட்டபோதெல்லாம் நடுக்கம்தான் தெரியும்.

மேஜையில் நிஜத் தண்டவாளத்தின் அரையடித் துண்டு ஒன்று இருக்கும். பசை ஒட்டும்போது பாரத்துக்கு வைப்போம். பத்து கிலோ இருக்கும். நான் சொன்னேன், “கையை விளக்குக்குக் கீழ வைங்க வெண்டல். நிறம் எப்படி வருதுன்னு பாத்துடறேன்.” அவர் பெருமையோடு விரல்களை விரித்து வைத்தார்.

முதல் முறை அது விழுந்தபோது அவர் கத்தவில்லை. ஏதோ தவறி விழுந்துவிட்டது என்று நினைத்து, நான் பயந்துவிடுவேனோ என்று என்னைத்தான் பார்த்தார். இரண்டாவது முறைக்கு அவர் மணிக்கட்டை என் முழங்காலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போது கத்தினார். மூன்றாவதோடு நிறுத்திவிட்டேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். கோபக்காரனாக இருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன். என் வேலை அந்த ஒரு கையோடு முடிந்தது.

“ஏன் கிளெம்... நான் என்னப்பா பண்ணேன் உனக்கு?”

“ஒண்ணும் ஆகல வெண்டல். பழையபடி ஆயிடுச்சு, அவ்வளவுதான். நீங்க பேசுங்க, நான் செய்யறேன்.”

அவருக்குப் புரியவில்லை. அந்தக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறத் தொடங்கினார். ஆர்டிஸ், ஆர்டிஸ் என்று கூப்பிட்டார், அவர் வீட்டில் இல்லை என்பதுகூட மறந்துபோய். ஏழாவது படியில் அவர் கணுக்காலை எட்டிப் பிடித்து இழுத்தேன். பின்னந்தலை சிமெண்டுத் தரையில் மோதியது. பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயில் ரத்தத்தோடு ஏதோ சொன்னார்.

“நாளைக்குப் பாரு... எல்லாம் சொல்லிட்டேன்... உன்னப் பத்தி...”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கைகள் அவருடையவை அல்ல என்று ஆறாயிரம் பேரிடம் சொல்லிவிட்டார். எட்டு வருடமாக நான் மழித்து, கையுறை மாட்டி, பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஒரே வாரத்தில் அழித்துவிட்டார். எழுந்து போய்த் தண்டவாளத் துண்டை எடுத்து வந்தேன். இந்த முறை கையில் போடவில்லை. இரண்டு முறை.

பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினேன், நகங்களுக்கு அடியிலும். மாற்றுச் சட்டை அலமாரியில் இருந்தது. கேமராவை முடுக்கிவிட்டு விளக்குக் கம்பங்களை நட்டேன். அடுத்த வெள்ளிக்குப் பாடம் வேண்டுமே. நாற்பத்தெட்டு நிமிடம். நீங்கள் அந்தப் பதிவைப் பார்த்திருக்கிறீர்கள். கை ஓரிடத்திலும் பிசகவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பின்னணியில் மூச்சுச் சத்தம் கேட்கிறது என்றீர்கள். முப்பத்தொன்றாவது நிமிடம் வரை கேட்கிறது என்றும் சொன்னீர்கள். உண்மைதான், எனக்கும் கேட்டது. கேமரா பதிகிற சத்தத்தை எப்போதும் நீக்கிவிட்டுத்தான் வெண்டலின் குரலைச் சேர்ப்போம், அதனால் அது இடைஞ்சல் இல்லை என்று நினைத்தேன். ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்றால், கம்பத்தின் அடியில் பசை வைத்தாகிவிட்டது. பசை இறுகுவதற்குள் கையை எடுத்தால் கம்பம் சாய்ந்துவிடும்.

பத்தரை மணி வாக்கில் ஆர்டிஸ் வந்தார். மேலிருந்தே குரல் கேட்டது.

“கிளெம், வந்துட்டீங்களா? அந்த மனுஷன் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தாரா, இல்ல எல்லாத்தையும் உளறிட்டாரா? பியரோகி சூடா இருக்கு, ரெண்டு பேரும் மேல வாங்க.”

பிறகு அவரே தட்டோடு இறங்கி வந்தார். நான் திரும்பவில்லை. “ஆர்டிஸ், கேமரா ஓடுது” என்று மட்டும் சொன்னேன். அவர் தட்டை என் முகத்தில் எறிந்தார். புருவத்துத் தையல் அதனால் வந்தது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கணவனை அப்படிப் பார்த்தால் யாருக்கும் நிதானம் தவறும்.

நேரம் குறித்து ஏற்றி வைத்த காணொளியை நிறுத்த யாருக்கும் நினைவு வரவில்லை. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அது வெளிவந்துவிட்டது, வெண்டல் பிணவறையில் இருக்கும்போது. நேற்று நீங்கள் அதை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். மொட்டைத் தலையோடு அவர் கேமராவைப் பார்க்கிறார். ஒரு சொல்லைக்கூட நான் மறக்கவில்லை.

“எட்டு வருஷமா நீங்க புகழ்ந்த கை என்னோடது இல்ல. என் சிநேகிதன் கிளெமென்ட் ஹுடாக்கோடது. முன்னாடியே சொல்லியிருக்கணும், வெக்கமா இருந்துச்சு. அடுத்த வாரத்துல இருந்து அவன் என் பக்கத்துல உக்காந்து பாடம் எடுப்பான். எனக்கு ஒரு கைதான் வந்திருக்கு, நானும் அவன்கிட்ட மாணவன்தான். இன்னும் அவனுக்கே இது தெரியாது. திருட்டுத்தனமா எடுக்கிறோம். இப்ப அவன் தன் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுப் பாத்துட்டிருப்பான்.”

அது ஓடும்போது நீங்கள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது. நல்ல வார்த்தைகள்தான் சொல்லியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆமாம், வெண்டல் ரிஷெலை நான்தான் கொன்றேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் நீங்கள் மறுபடி போட்டுப் பாருங்கள். நான்காவது நிமிடத்தில் அவர் தன் கையாலேயே இரண்டு தண்டவாளங்களை ஈயம் வைத்து இணைக்கிறார். ஈயம் கட்டியாக நிற்கிறது, ஒரு பக்கம் இடைவெளி தெரிகிறது. எந்த வண்டி போனாலும் அங்கே தடம்புரளும். கீழே நூற்றுக்கணக்கான பேர் வாழ்த்து எழுதியிருக்கிறார்கள், இரக்கப்பட்டு ஒருவரும் அதைச் சொல்லவில்லை. இனி வாரா வாரம் அப்படித்தான் நடந்திருக்கும். அதை நான் அனுமதித்திருக்க முடியாது, உங்களுக்கும் இப்போது புரிந்திருக்கும். வெண்டல் ரிஷெலின் கைகள் ஒருநாளும் அப்படி ஒரு வேலையைச் செய்ததில்லை.