வரப்பு வேப்பமரத்துக்கு எத்தனை இன்ச்?

"மரம் என்னுதான்னு தெரியலண்ணா. அதனாலதான் பெரிய மெஷினா வாங்கலாம்னு பாக்கறேன்."

அதற்கு மேல் என்னால் பேப்பர் படிக்க முடியவில்லை. கும்மிடிப்பூண்டி போகும் காலை ரயிலில், எதிர் சீட்டில் ஒரே கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர். பேசியவர் மீசைக்காரர். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடி போட்டிருந்தார்.

"மரம் அறுக்கற மெஷினுக்குப் பதினாறு இன்ச்சு பிளேடு போதும்பா. கைக்கு அடக்கமா இருக்கும்," என்றார் கண்ணாடிக்காரர்.

"பத்தாதுண்ணா. வரப்பு மேல நிக்கிற வேப்பமரம். பங்காளி அவனுதுன்றான். அவன் ஷிப்டு முடிச்சிக்கினு வர்றதுக்குள்ள வெறகு எங்க ஊட்டுக்கு வந்துடணும்."

"மஞ்சத்துணி கட்டின மரமா? சாமி கண்ணக் குத்திடும்டா!"

"துணி கட்னதே நான்தாண்ணா. அவன் வெட்டிடக் கூடாதுன்னு போன ஆடியில கட்னேன். அவுத்துட்டா சாமி கெளம்பிடும்."

கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரம் உம் பங்காளிகூட நான்தான் கடைக்குப் போனேன். பதினெட்டு இன்ச்சு வாங்கிட்டான்."

"அவனுக்கு எதுக்கு மெஷினு?"

"அத்தச் சொல்லல. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்."

"இன்னா கேட்டான்?"

"இந்த வாரம் உனக்கு இன்னா ஷிப்டுன்னு."

கவரப்பேட்டையில் வண்டி நின்றது. மீசைக்காரர் சாப்பாட்டுப் பையைக்கூட எடுக்காமல் இறங்கி, எதிர் பிளாட்பாரத்துக்கு ஓடினார்.