பசுவின் பின்னங்கால்கள்

— இன்னொரு வாட்டி என் குதிகாலை மிதிச்சே, இந்தப் பசு வேஷத்தை இங்கயே ரெண்டாக் கிழிச்சு உன் பாதியை ரோட்டுல விட்டுட்டுப் போயிடுவேன் மாப்ளே.

— நீ திடீர் திடீர்னு நின்னா நான் என்ன பண்றது மச்சான்? தலை உனக்கு, கண்ணு உனக்கு. குனிஞ்சு ஓடுற எனக்குத் தெரியறதெல்லாம் உன் முதுகுதான். அதுவும் பாக்குற மாதிரியா இருக்கு?

— போன மாரத்தான் வரைக்கும் நீதானே தலை? இந்தத் தடவை பின்னங்காலா வரேன்னு நீயாத்தான் கேட்டே.

— கேட்டேன். முகம் தெரிஞ்சா விடுவாங்களா? வழி நெடுக ஒவ்வொரு திராட்சைத் தோட்ட மாளிகை வாசல்லயும், ஓடுறவங்களுக்கு ஒயின் ஊத்த ஒரு மேஜை. ஒவ்வொரு மேஜையிலயும் எனக்குத் தெரிஞ்சவன். "என்ன லுதோ, எங்க தோட்டத்து ஒயினைக் குடிக்காமப் போறியா?"ம்பான். போன அறுவடையிலேருந்து நான் ஒரு சொட்டு தொடலைன்னு அங்க நின்னு கதை சொல்ல முடியுமா? வேண்டாம்னு சொன்னா அவன் மூஞ்சி சுருங்கிடும். அவன் மூஞ்சி சுருங்கினா என் மனசு இளகிடும்.

— சரி சரி. நீ உள்ளயே இரு. வர்ற கிளாஸை எல்லாம் நான் பாத்துக்கறேன்.

— நல்லாவே பாத்துக்கறே! ரெண்டு பேர் பங்கும் உனக்குத்தானே. இப்ப வாங்குனியே, அது எப்படி இருந்துச்சு?

— நல்லா... சிவப்பா இருந்துச்சு.

— சிவப்பா! டிராக்டர் ரிப்பேர் பண்றவன்கிட்டக் கேட்டேன் பாரு. பீர் குடிச்சே வளந்த நாக்குக்கு என்ன தெரியும்? இந்த ஊர்ல பொறந்து ஒயின் ருசி தெரியாத ஒரே ஆள் நீதான் ரெஜிஸ் மச்சான். சரி, வெளிய எப்படி இருக்கு? அதையாவது ஒழுங்காச் சொல்லு.

— அதைக் கேளு, சொல்றேன். ரெண்டு பக்கமும் திராட்சைக் கொடிதான், தலை சீவி விட்ட மாதிரி வரிசை வரிசையா. குலையெல்லாம் கறுத்துத் தொங்குது. அடுத்த வாரம் கத்தரிக்கோலோட இறங்கிடுவாங்க. வரிசைக்கு வரிசை முனையில ரோஜா. அந்தப் பக்கம் ஆறு, வெயில்ல கண்ணு கூசுது. முன்னாடி கோழி வேஷத்துல ஒரு கூட்டம் ஓடுது, எல்லாம் நம்ம தபால் ஆபீஸ் ஆளுங்க. அதுல ஒரு கோழி குடிச்சுட்டுப் படுத்தே போச்சு.

— நீ சொல்லச் சொல்ல மண்ணு வாசனையே வருது. என்ன ஊரு மச்சான் நம்ம ஊரு! எத்தனை வருஷம் பாத்தும் அலுக்கலை.

— பின்னாடி, பிந்தி வர்றவங்களை ஏத்திக்கிற கடைசி வண்டியும் தெரியுது. காலை எட்டிப் போடு. தொட்டுச்சுன்னா ரெண்டு பேரையும் அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிடும்.

— அள்ளக் கூடாது மச்சான். கொரீன் ஓட்டம் முடியற கோட்டுக்கிட்ட நிக்கிறா. போன அறுவடை விருந்துல குடிச்சுட்டு நான் போட்ட ஆட்டத்தை ஊரே பாத்துச்சு. மறுநாள் வேலை போச்சு, அதுக்கு மறுநாள் அவ பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா. இத்தனை மேஜையையும் ஒரு சொட்டு இல்லாமத் தாண்டிட்டு வந்துதான் உன்னை வீட்டுக்குக் கூப்பிடுவேன்னு அவகிட்டச் சொல்லியிருக்கேன்.

— தெரியும், என் தங்கச்சிதானே. உன் பேரைச் சொன்னாலே கதவைச் சாத்துனவ, இன்னைக்கு வந்து நிக்கிறா. விடு, தாண்டிடலாம். இருக்கறது இன்னும் ஒரே ஒரு... ஐயையோ.

— என்ன?

— கடைசி மேஜை கஸ்தாங் பெரியவரோடது.

— நான் வேலை பாத்த ஒயின் கிடங்கா?

— அவரேதான் நின்னு ஊத்துறாரு. பாட்டில்ல வருஷம் தெரியுது. நீ பீப்பாயில விட்டுட்டு வந்தியே, அதேதான் மாப்ளே.

— என் ஒயினா?

— மூச்சு விடாதே. வாயைத் திறக்காதே.

— வாம்மா பசு, வா! அட, நம்ம ரெஜிஸ் தம்பியா? இந்தா, பிடி. பின்னாடி யாரு?

— அது வந்து... ஒரு ஜெர்மன்காரருங்க ஐயா. நம்ம பிரெஞ்சு தெரியாது.

— பாவம், உள்ள வெந்து போயிருப்பாரு. துணியைத் தூக்கு, அவருக்கும் ஒண்ணு நீட்டுறேன். இதைக் குடிக்காம ஒருத்தர் ஊர் திரும்பலாமா? இதைப் போட்டவன் உன் தங்கச்சி புருஷன்தானே. தங்கமான கை! குடி மட்டும் அவனைத் தின்னாம இருந்திருந்தா, இன்னைக்கும் என் கிடங்கு அவன் கையிலதான். தூக்கு தம்பி, தூக்கு.

— ம்ம்ம்மாஆஆ!

— என்ன, இப்படிக் கத்துறாரு?

— வேண்டாம்ங்கறாருங்க ஐயா. என்கிட்ட இருக்குறதே போதும். வண்டி வந்துருச்சு, வர்றோம்!

— போயிட்டு வாங்க! சிந்திடாதே தம்பி!

— மாப்ளே... அவரைத் தாண்டிட்டோம்.

— "தங்கமான கை"ன்னாரு, கேட்டியா?

— கேட்டேன். நீ ஆளுதான்யா. கைக்கெட்டுற தூரத்துல நீ போட்ட ஒயின், நீ மாடு மாதிரிக் கத்திட்டு வந்துட்டே. உன்னை என்னென்னவோ திட்டியிருக்கேன். இன்னைக்குச் சொல்றேன், உன்னை நெனச்சா பெருமையா இருக்கு.

— அப்ப அந்தக் கிளாஸையும் கொடியில ஊத்திடாதே.

— எந்தக் கொடியில?

— காலையிலேருந்து ஊத்திக்கிட்டு வர்றியே, அதுலதான். மூக்கை வச்சுப் பொழச்சவன் மச்சான் நான். இத்தனை நேரமா உன் முதுகுல மூச்சு விடறேன். உன் வேர்வை வாசம் வருது, நேத்து தின்ன பூண்டு வாசம் வருது. ஒயின் மட்டும் வரவே இல்லை.

— நீ வாயைக் கட்டிக்கிட்டு வர்றப்ப, உன் மூக்குக்கு முன்னாடி நான் ஏப்பம் விட்டுக்கிட்டா வர்றது?

— அதுக்குத்தான் கேக்கறேன். இந்த ஒண்ணை மட்டும் எனக்காகக் குடி. கோட்டைத் தாண்டினதுக்கு அப்புறம். அது எப்படி வந்திருக்குன்னு நம்ம வீட்டு ஆள் ஒருத்தர் வாயால எனக்குத் தெரியணும்.

— சிந்தாம ஓடணுமா? இந்தக் கொம்பையும் வச்சுக்கிட்டு?

— இடது, வலது, இடது... ஓடு மச்சான்!

— கூட்டம் கத்துது, கேக்குதா? கோடு தெரியுது! கொரீன் தெரியுறா! வண்டி நம்ம வாலைத் தொடப் போகுது, எட்டு வை, எட்டு வை!

— தாண்டிட்டோமா? மச்சான், தாண்டிட்டோமா?

— நாலு காலும் தாண்டியாச்சுங்க. வெளிய வாங்க. எங்க, மூஞ்சியைக் காட்டுங்க.

— கொரீன்... மோந்து பாரு.

— பாத்தேன். மாட்டு நாத்தம்தான் அடிக்குது. வேற ஒண்ணும் இல்லை. வாங்க, வீட்டுக்குப் போய் முதல்ல குளிங்க. என் பெட்டி காலையிலேருந்து கார்லதான் இருக்கு.

— அழாதே மாப்ளே. உன்னைப் பாத்தா எனக்கும் வந்துரும்.

— நீ குடி மச்சான். இருக்கா?

— பாதி இருக்கு. மீதி என் சட்டையில.

— மெதுவா. முதல்ல மூக்குக்கிட்ட வை. ம். இப்ப வாயில. உடனே முழுங்காதே, அப்படியே வச்சிரு... இப்ப சொல்லு. சிவப்பா இருக்கா?

— அண்ணே? ஏன் இப்படி நிக்கிறே? நல்லா இல்லையா?

— மாப்ளே... இதையா நீ வேண்டாம்னு விட்டே?