எழுபது மில்லி ஆம்பியர்

எனக்கு ஏலக்காய் டீ பிடிக்காது. ஏலக்காய்க்குப் பேர்போன போடிக்காரன் இப்படிச் சொல்வது தப்புதான். மற்றபடி நான் யார் மனதையும் நோகடிக்கிறவன் இல்லை.

குரங்கணியில் அழகுமலை அண்ணனுக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறது. அங்கே சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவிதான் எங்கள் கடைசி வருடப் ப்ராஜெக்ட். நானும் பவித்ராவும் கூட்டு. சூடு ஐம்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால், உள்ளே இருக்கும் சிப் அடுப்பு ஊதும் புளோயரை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் காயின் பச்சை போய்விடும். பச்சை போன காயை ஒருத்தரும் சீந்தமாட்டார்கள்.

சிப்பின் ஒரு கம்பிக் கால் நிம்மதியாகக் கொடுக்கக்கூடியது இருபது மில்லி ஆம்பியர் கரண்ட். நாற்பது அதன் உயிர் எல்லை. புளோயரை இயக்கும் ரிலே சுவிட்ச் கேட்பதோ எழுபது. அதனால் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வைப்பார்கள். சிப் கண்ணைக் காட்டினால் போதும், சுமையை அது இழுத்துக்கொள்ளும். பவித்ரா வைத்திருந்தாள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். எலக்ட்ரானிக்ஸ் பேப்பரில் நான் தொண்ணூற்றொன்று.

கருவியைப் பார்க்க எங்கள் கல்லூரிச் சேர்மன் வருகிற அன்று காலையில்தான் அழகுமலை அண்ணன் ஒரு யோசனை சொன்னார்.

"அப்பு ஜெகா, கதவத் தொறந்தா நாயனம் வாசிக்கிற மாதிரி ஒரு ஹாரன் வையி. மிஷினு சும்மா நின்னு சோலி பாத்தா யாரு நம்புவா? சத்தம் வரணும்ல."

ஹாரனுக்கும் டிரான்சிஸ்டர் வேண்டும். கையில் வேறு இல்லை. பவித்ரா ஜீப் பிடித்துப் போடிக்கு வாங்கப் போனாள். அதற்குள் சேர்மனின் கார் கொட்டகுடிப் பாலத்தைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. ரிலேயிலிருந்த டிரான்சிஸ்டரைக் கழற்றி ஹாரனுக்கு வைத்தேன். ரிலேயை நேராகச் சிப்பின் காலில் கட்டினேன். ஒன்பது தடவை சோதித்தேன். ஒன்பது தடவையும் 'டக்' என்றது. சிப்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். சுட்டது. மலைக்குளிருக்கு இதமாகத்தான் இருந்தது.

சேர்மன் கதவைத் திறந்தார். நாயனம் ஒலித்தது. கைதட்டினார்.

சாயங்காலம் திரும்பிய பவித்ரா, ரிலே நேராகச் சிப்பில் இருப்பதைப் பார்த்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "ரிலேக்கு வெரசா வச்சிரு ஜெகா. எங்கம்மா காயி இப்ப ஸ்டோர்ல ஏறுது."

அவள் அம்மா ராக்கு, இருபது வருடம் பிறத்தியார் எஸ்டேட்டில் காய் எடுத்தவர். இந்த வருடம்தான் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்திருந்தார். முதல் எடுப்பு பச்சையாக இறங்கினால்தான் நிலம் அவர் கையில் நிற்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, "வச்சிட்டியா?" என்றாள்.

"வச்சிட்டேன்."

வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்றைத் தொடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மிஷின் இருக்கிறதே என்று அழகுமலை அண்ணன் அடுப்பு பார்க்கும் சுடலைக்கு லீவு கொடுத்திருந்தார். மறுநாள் ஒரு நேரத்தில் சிப்பின் கால் வெந்து, புளோயர் ஓடுகிற நிலையிலேயே உறைந்துவிட்டது. மதியம் ராக்கு கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. நாயனம் வாசித்தது. ஹாரனில் ஒரு குறையும் இல்லை. காய்கள் தவிட்டு நிறத்தில் வாய் பிளந்து கிடந்தன.

விசாரிக்க வாத்தியார்கள் வருவதற்குள் பொட்டலத்தைப் பிரித்து, ரிலேக்கான டிரான்சிஸ்டரை அதன் இடத்தில் வைத்துவிட்டேன். கொடுத்த வார்த்தை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அவர்கள் பார்த்தார்கள். இணைப்பு சரி; அப்படியானால் பற்றவைத்ததில்தான் கோளாறு.

"சால்டரிங் யாரு பண்ணுனது?"

"பவித்ரா சார்" என்றேன். பெரும்பாலும் அவள்தான்.

அவளுக்கு ப்ராஜெக்ட் பெயில். நிலத்துக்காரர் நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ராக்கு என்னிடம், "பெத்த மக வச்ச மிஷினு தம்பி, அவள என்னன்னு வைய?" என்று மட்டும் கேட்டார்.

பவித்ரா இப்போது யாரிடமும் பேசுவதில்லை. அம்மாவின் காயைத் தானே கருக்கிவிட்டதாக நம்புகிறாள். நடந்ததை அவளிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர்கள் வீடு வரை போனேன். ஆனால் ஏற்கெனவே அவள் தாங்குவது அதிகம். அதன் மேல் இதையும் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.